மிஸ்கால் பள்ளி: கோழிக்கோட்டின் மரப் பள்ளிவாசல்

கோழிக்கோட்டில் குற்றிச்சிறக் குளத்தை ஒட்டி நிற்கும் மிஸ்கால் பள்ளிக்கு மினாராவும் (பாங்கு கோபுரம்) கிடையாது, குப்பாவும் (குவிமாடம்) கிடையாது. அவற்றை அண்ணாந்து தேடுகிறவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். நீலப்பச்சைச் சாயம் பூசிய மரத் தளங்கள், மேலே போகப்போகச் சிறுத்து, அடுக்கடுக்காக ஓட்டுக்கூரையோடு தெரியும். அதுதான் அடையாளம். ரயிலடியிலிருந்து ஆட்டோவில் ஏறி “குற்றிச்சிற, மிஸ்கால் பள்ளி” என்றால் போதும்.

கட்டியவர் நாகுதா மிஸ்கால், அரபுக் கப்பல் வணிகர். 1340களில் கோழிக்கோடு வந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா, இந்தியா, சீனா, யமன், பாரசீகம் என்று கப்பல் விட்ட பெருஞ்செல்வர் என்று அவரைக் குறிப்பிடுகிறார். பள்ளியும் அந்த 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததே.

ஹிஜ்ரி 915, ரமலான் பிறை 22, வியாழக்கிழமை (1510 ஜனவரி 3). நகருக்குள் புகுந்த போர்ச்சுகீசியப் படை பள்ளிக்குத் தீ வைத்தது. கோழிக்கோட்டார் திருப்பி அடித்ததில் போர்ச்சுகீசியத் தளபதி கூட்டின்யோ மாண்டான். இன்னொரு தளபதியான அல்புகர்க் காயத்தோடு கப்பலேறினான். 1531இல் அவர்கள் கோழிக்கோட்டுக்குத் தெற்கே உள்ள சாலியத்தில் கோட்டை கட்டியபோது அங்கிருந்த பழைய பள்ளியை இடித்துக் கல்லெடுத்தார்கள். 1571இல் அந்தக் கோட்டை கோழிக்கோட்டு அரசர் சாமூதிரி வசம் விழுந்தது. அதை இடித்துக் கல்லையும் மரத்தையும் கோழிக்கோட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த மரம்தான் மிஸ்கால் பள்ளியைச் செப்பனிட உதவியது. கரிந்த மரங்கள் மேல்தளத்தில் இன்றும் இருக்கின்றன. மேலே ஏற எல்லோரையும் விடுவதில்லை. பொறுப்பாளரிடம் பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம்.

கட்டடத்தைக் கீழிருந்து பார்க்க வேண்டும். அடித்தளமும் கீழ்ச்சுவரும் கல், சுண்ணாம்பு. மேலே முழுக்க மரம். மலையாளக் கரையின் மழையில் தரையைத் தொடும் மரம் முதலில் அடியில்தான் உளுத்துப்போகும், பிறகு கரையான் ஏறும். அதனால் உயர்ந்த பீடம். கூரையின் இறவாரம் சுவரைத் தாண்டி நீண்டு சாரலைத் தடுக்கிறது. சாய்வாக அடுக்கிய மரப்பட்டிகள் மழையை வெளியே தள்ளிக் காற்றை மட்டும் உள்ளே விடும். தொழுகைக்கூடத்தில் செதுக்கிய தூண்கள் 24. மொத்தக் கதவுகள் 47 என்பார்கள். எல்லாவற்றையும் திறந்துவிட்டால் நட்டநடுப் பகலிலும் புழுங்காது. பக்கத்துக் கோயில்களை எழுப்பிய அதே தச்சு மரபுதான் இது. கூரை முகப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இப்படிப்பட்ட கூரைக்கு எதிரி உடைந்த ஓடு. ஒரு ஓடு விரிசல் விட்டால் கீழே உள்ள கைமரம் ஊறும். தடித்த சாயம் அந்த ஈரத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். என்னைக் கேட்டால், அந்த நீலம் கொஞ்சம் அதிகம்தான்.

தொழப் போகிறவர்களுக்கு: இங்கே ஷாஃபி மத்ஹபு (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று). காயல்பட்டினம், கீழக்கரைக்காரர்களுக்கு எதுவும் புதிதாகத் தெரியாது. இன்னொரு மத்ஹபான ஹனஃபியைப் பின்பற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது அஸர் (மாலைத் தொழுகை) நேரம். ஷாஃபி அஸர் முன்னதாகவே வந்துவிடும். உங்கள் ஊர் வழக்கத்தை நம்பிப் போனால் ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) முடிந்திருக்கும். சுபுஹில் (வைகறைத் தொழுகை) இரண்டாம் ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) ருகூஉக்குப் (குனிதல்) பிறகு இமாம் கையேந்தி குனூத் என்ற பிரார்த்தனையை ஓதுவார். ஸஜ்தாவுக்கு (நெற்றி தரையில் பட வணங்குதல்) அவசரப்பட்டுக் குனிந்துவிட வேண்டாம். பயணிகள் லுஹரைத் (நண்பகல் தொழுகை) தனியாகத் தொழுதால் கஸ்ராக (சுருக்கி) 2 ரக்அத் போதும். உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் 4 ரக்அத்தையும் முடிக்க வேண்டும். 2 ரக்அத்தில் ஸலாம் கொடுத்து எழுந்துவிடுவது பயணிகளிடம் சாதாரணமாக நடக்கும் பிழை. உள்பள்ளிக்குள் நுழைந்ததும் உட்காராமல் முதலில் 2 ரக்அத் காணிக்கைத் தொழுகை. வெள்ளியன்று ஜும்ஆ நேரத்தில் வேலைப்பாட்டைப் பார்க்க இடம் இருக்காது. அஸருக்கும் மக்ரிபுக்கும் (அந்தித் தொழுகை) நடுவே போங்கள். பெண்களும் பிற சமயத்தவரும் உள்ளே போகலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அனுமதி கிடைக்காவிட்டாலும் கட்டடத்தின் முழு அழகு குளக்கரையிலிருந்துதான் தெரியும்.

இவ்வளவு தூரம் வந்தவர்கள் அருகிலுள்ள முச்சுந்திப் பள்ளியை விட்டுவிடக் கூடாது. அங்கே 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று அரபியிலும் வட்டெழுத்திலும் இருக்கிறது. விடுதலை பெற்ற அடிமையான ஷிஹாபுத்தீன் ரைஹான் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கிப் பள்ளி கட்டியதை அரபிப் பகுதி சொல்கிறது. பள்ளிக்கு நாள்தோறும் நாழிக் கணக்கில் அரிசி தர நாடாளும் புந்துறக்கோன் (சாமூதிரியின் பட்டப்பெயர்) இட்ட ஆணை வட்டெழுத்துப் பகுதியில் இருக்கிறது.