பிளெண்டரில் பெய்த முதல் மழை

பிளெண்டர் என்ற முப்பரிமாண அசைவூட்ட மென்பொருளில், ஆயிரக்கணக்கான சிறு புள்ளிகளை ஒருசேர இயக்கும் துகள் அமைப்பைக் கொண்டு நான் முதலில் உருவாக்கிய மழை, எத்தனை முறை திருத்தியும் மழையாகத் தோன்றவில்லை. 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த துகள்கள், காற்றின் தடை இல்லாததால், தரையைத் தொடும்போது நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தை எட்டியிருந்தன. உண்மையிலோ 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெருந்துளிகூட நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில்தான் விழுகிறது. ஆகவே அந்தத் துகள்களின் மீதான ஈர்ப்பைச் சுழியமாக்கி, தொடக்க வேகத்தையே 9 என்று வைத்தேன். நொடிக்கு 24 பிரேம்கள் ஓடும் காட்சியில் ஒரு துளி ஒவ்வொரு பிரேமுக்கும் 37 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவதால், வேகமாக நகரும் பொருளை இழுபட்ட மங்கலாகக் காட்டும் மோஷன் பிளரை இயக்கிய பிறகே புள்ளிகள் நீண்ட வெள்ளிக் கோடுகளாக மாறின.