ஒரு வியர்வை அதிகம்

மங்கோலியாவின் நாதாம் திருவிழா என்று தேடினால் வரும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: பச்சைப் புல்வெளி, புழுதி, குதிரை மேல் குனிந்து கிடக்கும் ஒரு பொடிசு. ஜூலை 11 முதல் 13 வரை மல்யுத்தம், வில்வித்தை, குதிரைப் பந்தயம். 2010-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். எனக்கு அந்த மூன்று நாளைவிட அதற்கு முந்தைய வாரங்கள் மேல்தான் கண். பந்தயக் குதிரையைத் தயார் செய்பவரை அங்கே உயாச் என்கிறார்கள். ஒரு உயாச்சோடு கொஞ்ச நாள் கிடந்து பார்க்க வேண்டும் என்று, உலான்பாதரில் பயண ஏற்பாடு செய்து தரும் ஓர் இளம்பெண்ணிடம் சொன்னேன். “என் பெரியப்பாவே உயாச்தான், வர்றீங்களா?” என்றாள்.

பெரியப்பாவின் ஊர் தொலைவில், ஹாங்காய் மலைப்பக்கம். ஆனால் அரசு நாதாமில் ஓடுகிற குதிரைகளைப் பல வாரம் முன்பே லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, பந்தயத் திடலைச் சுற்றி முகாம் போட்டுவிடுகிறார்கள். புதுத் தண்ணீரும் புதுப் புல்லும் குதிரைக்குப் பழக வேண்டுமே. திடலின் பெயர் ஹூய் தோலோன் ஹூதக். தலைநகரிலிருந்து மேற்கே நாற்பது கிலோமீட்டருக்குள் வரும். திடல் என்று நாம் நினைப்பதுபோல் வேலி கிடையாது, வட்டப் பாதை கிடையாது. ஒரு பெரிய பள்ளத்தாக்கு, முடிவுக் கோட்டருகே பார்வையாளர் மேடை, அவ்வளவுதான். ஜூன் கடைசியில் நாங்கள் போனபோது சரிவுகளில் வெள்ளை வெள்ளையாய் கெர் கூடாரங்கள் முளைத்திருந்தன. ஒவ்வொரு கூடாரத்துக்கும் முன்னால் இரண்டு கம்பம், அவற்றுக்கு நடுவே உயரத்தில் இழுத்துக் கட்டிய கயிறு, அதில் வரிசையாகக் குதிரைகள்.

கயிறு உயரத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. தலையைத் தாழ்த்தவே முடியாது. காலடியில் முழங்கால் உயரப் புல். குதிரை அதைப் பார்த்துக்கொண்டே பகல் முழுக்க நிற்கும்.

பயிற்சி என்றால் ஓட்டம், இன்னும் ஓட்டம் என்ற எண்ணத்தோடு போயிருந்தேன். பெரியவர் குதிரையை ஓடவிட்டதைவிடக் கட்டி வைத்த நேரம்தான் பல மடங்கு. இந்தக் குதிரைகள் குளிர்காலம் முழுக்க, மைனஸ் முப்பதிலும் நாற்பதிலும், கூரையில்லாமல் மந்தையோடு திறந்தவெளியில் மேய்பவை. வசந்தத்தில் எலும்பும் தோலுமாக இருக்கும். ஜூன் புல் வந்ததும் வெறி பிடித்ததுபோல் தின்று, ஒரே மாதத்தில் வயிறு தொங்கிவிடும். அந்த வயிறோடு ஓடினால் பாதி வழியில் மூச்சு முட்டும். புல் தந்த பலம் உடம்பில் இருக்க வேண்டும், புல் தந்த பருமன் போக வேண்டும். அதனால் பகலில் கட்டு, பொழுது சாய்ந்த பிறகு ஆள் காவலோடு அளவாக மேய்ச்சல், தண்ணீரும் அளவுதான். இரவு எத்தனை நாழி மேய விடுவது என்பதைக் குதிரைக்குக் குதிரை மாற்றி வைத்திருந்தார். எந்த நோட்டிலும் எழுதவில்லை.

காலையில் அவர் முதல் வேலை சாணத்தைக் கிளறிப் பார்ப்பது. உருண்டை இறுகியிருக்கிறதா, ஈரம் எவ்வளவு, நிறம் என்ன. பிறகு விலா எலும்புமேல் விரலை ஓட்டுவார். இடுப்புச் சதையை அமுக்குவார். கொஞ்ச தூரம் தள்ளி நின்று, சிகரெட் பற்றவைத்துக்கொண்டு, குதிரை எப்படி நிற்கிறது என்று வெறுமனே பார்ப்பார். இந்தப் பார்வைக்கு ஒரு முழு சிகரெட் ஆகும்.

அவரிடம் இருந்தவற்றில் முக்கியமானது ஐந்து வயதுக் குதிரை ஒன்று. செம்பழுப்பு உடல், கறுத்த பிடரி. பெயர் கேட்டேன். பெயரெல்லாம் இல்லை, நிறம்தான் பெயர். “ஹேர்” என்றால் இந்த நிறம். மங்கோலிய மொழியில் குதிரை நிறங்களுக்கு மட்டும் நூற்றுக்கணக்கான சொற்கள் இருக்கின்றன. மந்தையில் நூறு குதிரை நின்றாலும் குழப்பம் வராதாம்.

வயதைப் பல்லில்தான் பார்க்கிறார்கள். பந்தயப் பிரிவுகளும் வயதுக் கணக்குத்தான்: இரண்டு வயது தாக, மூன்று ஷுத்லென், நான்கு ஹ்யாசாலான், ஐந்து சொயோலோன், அதற்கு மேல் வளர்ந்த குதிரைகள், தனியாகப் பொலிக்குதிரைகள். பெரியவர் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டியபோது, நம் மாட்டுச் சந்தையில் ‘ரெண்டு பல்லு, நாலு பல்லு’ என்று துண்டுக்கடியில் விலை பேசுகிறவர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் மொழியே தேவைப்பட்டிருக்காது என்று தோன்றியது.

தூரத்தைச் சொன்னால்தான் இந்தப் பட்டினிக் கணக்கு புரியும். இங்கிலாந்தின் எப்சம் டெர்பி குதிரைப் பந்தயம் சுமார் 2,400 மீட்டர். இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கே இரண்டு வயதுக் குட்டிக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வளர்ந்தவற்றுக்கு இருபதைத் தாண்டும். அதுவும் முடிவுக் கோட்டிலிருந்து கிளம்பி, மெதுவாக அத்தனை தூரமும் போய், அங்கிருந்து திரும்பித்தான் பந்தயம். நம் ஊர்ப் பந்தயக் குதிரைகளின் தோள் உயரம்கூட வராத குட்டைக் குதிரைகள் இதைச் செய்கின்றன.

இனி வியர்வை. மாலையில் வெயில் தணிந்ததும் குதிரைக்கு ஆட்டுத்தோலும் கனத்த போர்வையும் போர்த்தி, பேத்தியை மேலே ஏற்றி அனுப்புவார். அவள் சீரான துள்ளுநடையில் ஒரு சுற்றுப் போய் வருவாள். வந்ததும் போர்வையை விலக்கினால் உடம்பு முழுக்க நீர் ஓடும். செதுக்கிய மரச்சட்டம் ஒன்றால் கழுத்திலிருந்து கீழ்நோக்கி வழிப்பார். வழித்ததை உடனே உதறமாட்டார். சட்டத்தின் விளிம்பில் நிற்கும் துளியைப் பார்ப்பார், இரண்டு விரலுக்கு நடுவே தேய்ப்பார், முகர்வார். ஆரம்ப நாட்களின் வியர்வை கலங்கலாக, பிசுபிசுப்பாக இருக்குமாம். நாளாக ஆகத் தெளியும். தண்ணீர் மாதிரி ஓட ஆரம்பித்தால் குதிரை தயார். “எத்தனை நாள் பயிற்சி” என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கணக்கு வேறு. “இன்னும் ரெண்டு வேர்வை இருக்கு” என்பார். ஒன்று குறைந்தாலும் ஓடாது, ஒன்று கூடினாலும் ஓடாது என்பது இந்தத் தொழிலின் பயம்.

அந்த மரச்சட்டத்தைப் பற்றி ஒரு கிளைக்கதை. பழைய நாளில் இதைக் கூழைக்கடாவின் அலகில் செய்வதுதான் பெருமை. நீளம், வளைவு, வழுவழுப்பு எல்லாம் பொருத்தம். அந்த அலகுக்காகவே வேட்டையாடி வேட்டையாடி, மேற்கு மங்கோலியாவின் ஏரிகளுக்கு வந்துகொண்டிருந்த டால்மேஷியன் கூழைக்கடாக்கள் அருகிப்போய்விட்டன. கூந்தன்குளத்தில் கூழைக்கடாக் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு (நம்முடையது வேறு இனம்) இதைக் கேட்டபோது சங்கடமாக இருந்தது. பெரியவர் அப்பா காலத்தில் வீட்டில் ஒன்று இருந்ததாம். எங்கே போனது என்று அவர் சொல்லவில்லை, நானும் கிண்டவில்லை.

பந்தயத்துக்குச் சில நாள் முன்பு சுங்கா என்கிற ஒத்திகை ஓட்டம். சுற்றுவட்டார உயாச்சுகள் தங்கள் குதிரைகளை ஒன்றாக ஓடவிடுவார்கள். யாரும் முழு பலத்தைக் காட்டமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எல்லோரும் மற்றவர் குதிரையைத்தான் உற்றுப் பார்த்தார்கள். பேத்திக்கும் “கடிவாளத்தை விடாதே” என்றுதான் உத்தரவு. அவளுக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. இறங்கி வந்து, “தாத்தா, இது தானாப் போகுது, நான் என்ன பண்ணட்டும்?” என்று முறைத்தாள்.

அவளுக்குப் பத்து வயது. இந்த இடத்தில் எழுதுவது எனக்குச் சுலபமில்லை. நாதாமில் சவாரி செய்வது குழந்தைகள்தான், பையன்களும் பெண்களும். எடை குறைய வேண்டும் என்பதுதான் காரணம். சட்டப்படி ஏழு வயதாவது ஆகியிருக்க வேண்டும்; தலைக்கவசமும் மார்புக்கவசமும் கட்டாயம்; குழந்தைகளுக்குக் காப்பீடு உண்டு; குளிர்காலப் பந்தயங்களுக்குத் தடை வந்திருக்கிறது. இவையெல்லாம் சும்மா வரவில்லை. குழந்தைகள் விழுந்து அடிபட்டும் இறந்தும் போனதால், அந்த நாட்டு மனித உரிமை அமைப்புகள் பல வருடம் கத்திக் கத்தி வந்தவை. பெரியவரிடம் கேட்டேன். “நடக்கிறதுக்கு முன்னாடியே குதிரை மேல உட்கார்ந்தவ அவ” என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, “நான் ஓட்டின காலத்துல தலையில ஒரு துணிதான். இந்தக் கவசம் நல்லதுதான்” என்றார். அவள் சவாரியைப் பார்த்தவர் யாரும் அவளைப் பரிதாபமாகப் பேச முடியாது, அவ்வளவு தேர்ச்சி. இருந்தாலும் நூற்றுக்கணக்கான குதிரைகள் ஒரே சமயத்தில் திரும்பிப் பாய்கிற இடத்தில் பத்து வயதுப் பிள்ளையின் தேர்ச்சி எதுவரை காப்பாற்றும்? எனக்கு அது ஒப்பவில்லை. ஒப்பாமலேதான் பார்த்தேன்.

சுங்காவுக்கு அடுத்த இரவு மழையும் கடுங்காற்றும். ஜூலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஆட்டுக்கறிச் சூப்பும் உப்புப் போட்ட பால் தேநீரும் குடித்துக்கொண்டு கூடாரத்துக்குள் இருந்தோம். (சைவம் சாப்பிடுகிறவர்கள் ரொட்டியும் காய்ந்த தயிர்க் கட்டியும் நம்பி வரலாம், அதற்குமேல் உத்தரவாதம் இல்லை.) பெரியவர் மட்டும் நாலைந்து முறை வெளியே போய் வந்தார். குளிரில் குதிரை உடம்பு இறுகிவிட்டதோ என்று சந்தேகம். காலையில் பக்கத்துக் கூடாரத்து உயாச்சும் வந்து தடவிப் பார்த்தார். இருவரும் ரொம்ப நேரம் பேசினார்கள். அன்று மாலை இன்னொரு வியர்வை எடுத்துவிடலாம் என்று முடிவானது.

பந்தய நாள். நெற்றிமயிரை மேல்நோக்கித் தூக்கிக் கட்டி, வாலின் நடுவே தோல்வார் சுற்றி, குதிரை வேறு ஆளாகியிருந்தது. பிள்ளைகள் எண் போட்ட சட்டையில் குதிரைகளை வட்டமாக நடத்திக்கொண்டே கீங்கோ பாடினார்கள். பாட்டு என்பதைவிட நீட்டி இழுத்த கூவல். குதிரை படபடப்பு அடங்க, அதே சமயம் சூடேற. பிறகு அத்தனை பேரும் மேடு தாண்டி மறைந்தார்கள். அதற்குப் பின் வெகுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. நான் ஹூஷூர் வாங்கித் தின்றேன். ஆட்டுக்கறி வைத்து எண்ணெயில் பொரித்த தட்டை அப்பம், சூடாக இருக்கும்வரை பிரமாதம். பெரியவர் எதையும் தொடவில்லை.

முதலில் தெரிந்தது புழுதி. அதிலிருந்து ஒரு புள்ளி பிரிந்தது, பின்னால் இரண்டு. கூட்டம் முழுக்க எழுந்து கத்தியது. முதலில் வரும் குதிரைக்கு ‘பத்தாயிரத்தின் தலைவன்’ என்று பட்டம். முதல் ஐந்துக்கும் புகழ்ப்பாட்டு உண்டு, பிட்டத்தில் ஐரக் ஊற்றி வாழ்த்துவார்கள். ஐரக் என்பது புளித்த குதிரைப்பால். வென்ற குதிரையின் வியர்வையும் அது கிளப்பும் புழுதியும் யோகம் தரும் என்பது நம்பிக்கை, அதனால் தொடுவதற்கு ஒரே முண்டியடிப்பு. எங்கள் ஹேர் அந்த ஐந்தில் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, ஒரு கொத்தின் நடுவில் வந்தது. பேத்தி பத்திரமாக இருந்தாள். எனக்கு அது போதும். அவள் முகத்தில் புழுதிக்கு நடுவே கண்ணீர்க் கோடு.

பெரியவர் அவளைத் தூக்கி இறக்கிவிட்டு, நேராகச் சட்டத்தை எடுத்தார். வழித்தார், பார்த்தார். தண்ணீராகத்தான் இருந்தது. விலாவில் கை வைத்தார். “சரியா இருக்கே, அப்புறம் என்ன?” என்று கேட்டேன்.

“கடைசி வேர்வை எடுத்திருக்க வேண்டாம். அது என் தப்பு” என்றார். “எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டேன். கடைசி மேட்டுல ஏற மிச்சம் இல்ல.”

பேத்தியையோ குதிரையையோ ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டு வயதுக் குட்டிகள் பந்தயத்தில் கடைசியாக வரும் குட்டிக்கு ‘நிறைந்த வயிறு’ என்று பெயர் வைத்து, அதையும் கூட்டத்தின் முன் நிறுத்தி ஒரு பாட்டுப் பாடுகிறார்கள். பழியையெல்லாம் மற்றவர்மேல் போட்டு, குட்டியை வாழ்த்துகிற பாட்டு. வளர்ந்த குதிரைக்கு அந்தச் சலுகை இல்லை. பெரியவர் தன் பங்குக்குத் தானே செய்துகொண்டார் போலிருக்கிறது. மறுநாளே வால்கட்டை அவிழ்த்துவிட்டார். ஊர் போனதும் மந்தையோடு விட்டுவிடுவார்களாம், அடுத்த கோடை வரை கயிறு கிடையாது.

போக நினைப்பவர்களுக்கு: திருவிழா நாளுக்கு மட்டும் போனால் நீங்கள் பார்ப்பது புழுதியும் அடுத்தவர் முதுகும்தான். ஜூன் கடைசியிலேயே போய்விடுங்கள். தெரிந்தவர் வழியாக ஒரு உயாச் குடும்பத்தைப் பிடியுங்கள். கூடாரத்து வாசற்படியை மிதிக்காதீர்கள், கொடுப்பதை வலக்கையால் வாங்குங்கள், கட்டியிருக்கும் குதிரைக்கு இரக்கப்பட்டுப் புல் பறித்து நீட்டாதீர்கள். தலைநகர் நெரிசல் வேண்டாம் என்றால் சிற்றூர்களிலும் நாதாம் நடக்கிறது, அங்கே முடிவுக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கலாம். தொலைநோக்கி, தொப்பி, மழைச்சட்டை மூன்றும் அவசியம். ஒரே பிற்பகலில் மூன்றும் தேவைப்படும்.