ஒரு பூஜ்யம் குறைந்த கதை

நூலக அறிவியல் பட்டப் படிப்பில் சேரப் போகிறேன் என்று சொன்னபோது என் மாமியார் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே, "புத்தகத்தை அடுக்கி வைப்பதற்கு ஒரு பட்டமா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கும் அப்போது பதில் தெரியாது. பி.ஏ. வரலாறு முடித்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. மகள் ஆறாம் வகுப்பு, மகன் எல்.கே.ஜி. மயிலாடுதுறையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் என் கணவர், "ஒரு வருடப் படிப்புதானே, முடித்துவிடு" என்றார். அந்த ஒரு வருடம் எனக்கு இரண்டு வருடமாக நீண்டது.

முதல் சிக்கல் என் பெயரிலேயே இருந்தது. பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை எல்லாச் சான்றிதழிலும் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். ஆதாரில் கணவரின் இனிஷியல். தொலைநிலைக் கல்விக்குப் போட்ட விண்ணப்பம், இரண்டும் ஒருவர்தானா என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது நோட்டரி வக்கீலைத் தேடி ஓடி, "இன்னாரும் இன்னாரும் ஒருவரே" என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கினேன். திருமணமான பெண்கள் யாராவது படிப்பைத் தொடர நினைத்தால் முதலில் பெட்டியைத் திறந்து இந்த இனிஷியல்களைப் பாருங்கள். பாடப் புத்தகம் பிறகு.

மூன்று மாதம் கழித்து, நூலகப் புத்தகங்களுக்கு அட்டை எழுதும் பட்டியலாக்க வகுப்பில் இதே விவகாரம் பாடமாகவே வந்தது. மேலை நாட்டு ஆசிரியர் என்றால் குடும்பப் பெயரை முன்னால் போட்டு, சொந்தப் பெயரைக் கமாவுக்குப் பின்னால் தள்ள வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? சொந்தப் பெயர்தான் தலைப்பு, இனிஷியல் கமாவுக்குப் பின்னால்: "சாமிநாதையர், உ. வே." புனைபெயர்க்காரர்களுக்கு இன்னோர் ஏற்பாடு உண்டு. கல்கியின் நூல்களை யாராவது "கிருஷ்ணமூர்த்தி, ரா." என்று தேடினால், அந்த இடத்தில் "காண்க: கல்கி" என்று ஓர் அட்டை நிற்கும். ஒரே ஆள், இரண்டு பெயர், நடுவில் வழிகாட்ட ஓர் அட்டை. நோட்டரி எனக்குச் செய்து கொடுத்ததும் அதுதான், முத்திரைத்தாள் செலவோடு.

நேர்முக வகுப்புகள் சனி, ஞாயிறுகளில் தஞ்சாவூரில் நடந்தன. விடியற்காலை ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால் வெள்ளி இரவே சாம்பாருக்குக் காய் நறுக்கி வைத்துவிடுவேன். வகுப்பில் இருபத்து மூன்று பேர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், வேலை கிடைக்காத பொறியியல் பட்டதாரிகள் நால்வர், என்னைப் போல் வீட்டிலிருந்து கிளம்பி வந்த பெண்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் யாராவது ஒருத்தி பாதி வகுப்பில் எழுந்து போவாள். அடுத்த வாரம் அவளுக்கு மற்றவர்கள் குறிப்பெடுத்து வைத்திருப்போம். வீட்டில் படிக்க எனக்குக் கிடைத்தது இரவு ஒன்பதரைக்கு மேல்தான். அடுப்படி மேடையைத் துடைத்து உலர்ந்ததும், நோட்டை அதன் மேல் விரித்து நின்றுகொண்டே படிப்பேன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன்.

எழுத்துத் தேர்வுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மனப்பாடம் செய்தால் தேறலாம். அவற்றில் என் மனத்தில் ஒட்டியது இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் மட்டும்தான். நான் பிறந்து வளர்ந்தது சீர்காழி. எங்கள் ஊர் என்றால் ஞானப்பாலும் சம்பந்தரும் என்றுதான் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். 1892-இல் அதே ஊரில் பிறந்த இவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கணிதப் பேராசிரியராக இருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். ஆள் நடமாட்டமில்லாத அந்த வேலை பிடிக்காமல் கல்லூரிக்கே திரும்பப் பார்த்திருக்கிறார். லண்டனுக்குப் போய் நூலகவியல் படித்து வாருங்கள், பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். முப்பது வயதைத் தாண்டிய பிறகு மாணவராக உட்கார்ந்தவர் அவர். இதைப் படித்த இரவு நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

லண்டனில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ பொம்மைச் சட்டங்களைப் பார்த்துத்தான் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் போடும் கோலன் பகுப்பு முறை அவருக்குத் தோன்றியதாம். ஒரே துண்டுகள், மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டியும் ஆகும், பாலமும் ஆகும். என் மகன் தரையில் கட்டைகளைப் பரப்பி விளையாடும்போதுதான் எனக்கு அது புரிந்தது. ஆங்கில எழுத்து 'ஓ' என்றால் இலக்கியம், 31 தமிழ், கமாவுக்குப் பின் 3 என்றால் புனைகதை. அதன் பின்னால் ஆசிரியர் பிறந்த ஆண்டு வரும். நூற்றாண்டுக்கு ஓர் எழுத்து: ஷேக்ஸ்பியர் 1564 என்பதால் ஜே64. அழகான ஏற்பாடுதான். ஆனால் பிறந்த ஆண்டைக் காட்டிக்கொள்ளாத மாத நாவல் எழுத்தாளரை என்ன செய்வது என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது; பேராசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

என்னை வீழ்த்தியது கோலன் அல்ல, எல்லாப் பொருளையும் பத்துப் பத்தாகப் பிரித்து எண் கொடுக்கும் டூயி முறை. 1876-இல் 44 பக்கச் சிறு நூலாக வந்த டூயி தசமப் பகுப்பு, தலைப்பைக் கொடுத்து எண் போடச் சொல்லும் எங்கள் செய்முறைத் தேர்வுக்கு மூன்று தடித்த தொகுதிகளாக வந்தது. மூன்றாவது தொகுதி முழுக்கச் சொல்லடைவு, அதாவது எந்தப் பொருளுக்கு எந்த எண் என்று அகரவரிசையில் காட்டும் பட்டியல். நான்கு பேருக்கு ஒரு செட். ஒருவர் சொல்லடைவைப் பிடித்துக்கொண்டால் மற்ற மூவரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் பாதி இப்படிப் போனது. அந்தப் பதற்றத்தில் "இந்திய வரலாற்று அகராதி" என்ற தலைப்புக்கு எண் போட்டேன். அகராதிக்கு உரிய ஒட்டு 03. பூஜ்யத்தில் முடியும் 630, 610 போன்ற எண்களில் ஒட்டின் பூஜ்யம் அதிலேயே அடங்கிவிடும்: விவசாய அகராதி 630.3, மருத்துவ அகராதி 610.3 என்று வரும். இந்திய வரலாறு 954. ஆக 954.03 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடினேன்.

வரலாற்றில் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. 954.03 என்றால் 1785 முதல் 1947 வரையிலான பிரிட்டிஷ் ஆட்சி. அகராதிக்கு இன்னொரு பூஜ்யம் சேர்த்து 954.003 என்று போட வேண்டும். வரலாற்றில் பட்டம் வாங்கியவள், அகராதியைத் தூக்கிக் கம்பெனிக்காரன் கையில் கொடுத்துவிட்டேன். ரயிலில் வரும்போது, கும்பகோணத்துக்கு முன்னாலேயே, இது உறைத்தது. அந்த ஒரு பூஜ்யத்தால் மட்டும் தோற்றேன் என்று சொல்ல மாட்டேன். அதைப் போல இன்னும் பல இருந்திருக்க வேண்டும். 50 வாங்கினால் தேர்ச்சி. நான் வாங்கியது 41.

வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து மகள் தன் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து வைத்து, "அம்மா, நான் தலைப்பு சொல்கிறேன், நீ எண் சொல்" என்றாள்.

டூயி தொகுதிகளை விலை கொடுத்து வாங்க எங்களால் முடியாது. பக்கத்தில் ஒரு கல்லூரி நூலகர், வியாழக்கிழமை மதியம் வந்து உட்கார்ந்து பார்த்துக்கொள்ள அனுமதித்தார். அங்கிருந்து நூறு பிரிவுகளை மட்டும் பெரிய தாளில் எழுதி வந்து, அடுப்படி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். பருப்பு டப்பாவை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும். மகனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாத வயதிலேயே 800 என்றால் கதை என்று தெரிந்துவிட்டது. மகள் வீட்டில் இருக்கும் ஒவ்வொன்றையும் தலைப்பாக்கினாள். "தமிழ்நாட்டுச் சமையல்" என்றாள் ஒரு நாள். சமையல் 641.5, வட்டாரச் சமையல் என்றால் 641.59, அதோடு தமிழ்நாட்டின் இட எண்ணாகிய 5482 சேர வேண்டும்: 641.595482. "சாம்பாருக்கு இவ்வளவு நீளமா?" என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி.

செய்முறைத் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். சொல்லடைவில் கண்ட எண்ணை அப்படியே எழுதாதீர்கள். அங்கிருந்து எண்கள் வரிசையாக இருக்கும் அட்டவணைக்குப் போய், எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்பைப் படியுங்கள். எதை எதோடு சேர்க்க வேண்டும், எங்கே எத்தனை பூஜ்யம் என்று அங்கேதான் எழுதியிருக்கும். முதல் தடவை நான் அந்தச் சிறிய எழுத்தைப் படிக்கவே இல்லை. இரண்டாவது தடவை 68 வாங்கினேன்.

நடுவில் ஒரு மாதம் கிளை நூலகத்தில் பயிற்சி. காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும் முன்பே நாளிதழுக்காக நான்கு பெரியவர்கள் படியில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் நடுப்பக்கத்தை உருவி எடுத்துக்கொள்வார், இன்னொருவர் அதற்காக மூன்று நாள் பேச மாட்டார். பட்டப் படிப்பில் இதற்கு எண் இல்லை. ஒரு மதியம் அங்கே இருக்கும்போதுதான், சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகப் போகிறது என்பதை ஒரு வாசகர் ரசீதை நீட்டிக் காட்டினார். வீட்டுக்கு வந்து எங்கள் ரசீதை எடுத்து மாமியாரிடம் கொடுத்தேன். வீடு அவர் பெயரில்தான். கண்ணாடியைப் போட்டு அந்த வரியை இரண்டு முறை பார்த்தார். "இத்தனை வருடமாக நான் கட்டிக்கொண்டு வருகிறேனா?" என்றார். மறுநாள் என்னோடு கிளம்பி வந்து உறுப்பினர் அட்டை வாங்கிக்கொண்டார். இப்போது பதினைந்து நாளுக்கு ஒரு முறை அவரே போகிறார். கட்டிய பணத்துக்குப் படித்தே தீருவது என்ற தீர்மானத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது.

போன ஜூனிலிருந்து ஒரு தனியார் பள்ளியில் நூலகர் வேலை. சம்பளத்தைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது. அரசுப் பணிக்கான தேர்வுக்குத் தனியாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளியில் இரண்டு இரும்பு பீரோக்கள் நிறையப் புத்தகம், இரண்டுக்கும் பூட்டு. பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்று பூட்டி வைத்திருந்தார்களாம். புத்தகங்கள் பயன்படுவதற்கே என்பது ரங்கநாதனின் ஐந்து விதிகளில் முதலாவது. அதை அங்கே மேற்கோள் காட்டவில்லை. சாவியைக் கேட்டேன், இரண்டு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தேன், கொடுத்தார்கள்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் வரிசை எண் போடும் சேர்க்கைப் பதிவேட்டைப் புதிதாக ஆரம்பித்து இப்போது 1,140 வரை வந்திருக்கிறேன். புத்தகத்தின் முதுகில் எண் சீட்டு ஒட்டும் வேலைதான் மிச்சம். கிளை நூலகத்தில் இருந்த பெரியவர் ஒருவர் அதற்கு ஒரு வழி சொல்லித் தந்திருந்தார். எல்லாப் புத்தகத்திலும் அடியிலிருந்து ஒரே உயரத்தில் ஒட்ட வேண்டும், அப்போதுதான் அலமாரியில் எண்கள் ஒரே கோட்டில் நிற்கும். மைதாப் பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும், அப்போதுதான் பூச்சி அரிக்காது. துத்தம் விஷம் என்பதால் பின்கட்டில், பழைய அலுமினியச் சட்டியில், மகன் தூங்கிய பிறகுதான் காய்ச்சுகிறேன். நேற்றும் காய்ச்சினேன். மாமியார் வாசற்படியில் உட்கார்ந்து நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "அந்தக் கரண்டி அடுப்படிக்குள் வரக் கூடாது" என்றார்.