நாற்பது இலட்சம்

ஜனவரி 9

நாற்பது இலட்சம். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. ஒரு மில்லிலீட்டரில் நாற்பது இலட்சம் விந்தணு என்றால் கொஞ்சமா? ஹட்டன் பஸ் நிலையத்தில் பிளேன்டீயை ஊதிக்கொண்டு இருக்கும்போதுதான் பக்கத்துக் கட்டத்தில் பொடி எழுத்தில் இருந்தது கண்ணில் பட்டது. குறைந்தது 16 மில்லியன். அதாவது ஒரு கோடியே அறுபது இலட்சம்.

அசைகிறவை நூற்றுக்கு 18. அது 42 இருக்க வேண்டுமாம்.

கலாவிடம் "கொஞ்சம் குறைவாம்" என்றேன். "ம்" என்றாள்.

ஜனவரி 10

அந்தக் கழிவறையைப் பற்றி நேற்று எழுதவில்லை. மறக்கவில்லை, எழுதப் பிடிக்கவில்லை.

எடுத்த ஒரு மணித்தியாலத்துக்குள், உடம்புச் சூடு ஆறாமல் கொடுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் இருந்து டவுனுக்கு, பஸ் வந்தாலே ஒன்றரை மணித்தியாலம். ஆகவே அங்கேயேதான். அதற்கென்று அறை இல்லை. சிறுநீர் எடுக்கப் போகும் அதே கக்கூஸ். தாழ்ப்பாள் கழன்று தொங்குகிறது, ஒரு காலைக் கதவில் முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். கவுண்டரில் இருந்த பிள்ளை சத்தமாக "தவஸ் கீயத?" என்று கேட்டது. எத்தனை நாள் சும்மா இருந்தேன் என்று. இரண்டு முதல் ஏழு நாளைக்குள் இருக்க வேண்டும். நான் நாலு விரலைக் காட்டினேன். எனக்குப் பின்னால் சீனி டெஸ்ட்டுக்கு நின்றது மேட்டு லயத்து வரிசை வீட்டு ஆயா. அதற்குச் சிங்களம் நன்றாகத் தெரியும்.

உள்ளே இருந்தபோது இரண்டு தரம் கதவைத் தட்டினார்கள்.

ஜனவரி 14

பொங்கல். பால் பொங்கும்போது மதினி கலாவைப் பார்த்துச் சொன்னதை எழுத மாட்டேன்.

ஜனவரி 19

அலுமாரியில் ஒரு கார்டு தேடப்போய்க் கலாவின் சிவப்பு ஃபைலை எடுத்துவிட்டேன். மூன்று வருஷம். தைரொய்ட், ஸ்கேன், திரும்ப ஸ்கேன். கருக்குழாயில் மை ஏற்றி எடுத்த எக்ஸ்ரே. அன்றைக்குக் கண்டியில் இருந்து நாவலப்பிட்டி வரை நின்றுகொண்டே வந்தாள், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு. எனக்கு ஞாபகம் இருக்கிறது, நான் அவளுடைய பையை வைத்துக்கொண்டு நின்றேன். முட்டை வளர மாத்திரை, ஐந்து மாதம். எல்லாவற்றிலும் "சாதாரணம்", "சாதாரணம்" என்றே எழுதியிருக்கிறது.

அந்த மூன்று வருஷமும் எனக்கு ஒரு கோப்பை. அதைக்கூட யாரும் நீட்டவில்லை. நீட்டியிருந்தால் வாங்கியிருப்பேனா என்பதும் தெரியாது.

பெப்ரவரி 6

இரண்டாவது டெஸ்ட். ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாதாம். நவம்பரில் எனக்கு 104 காய்ச்சல். விந்தணு ஒன்று உருவாக 74 நாள் போல ஆகும், அந்த நேரத்துக் காய்ச்சல் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் ரிப்போர்ட்டில் தெரியும் என்றார் டொக்டர். நாலு வாரமாக அந்தக் காய்ச்சலைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

ஐம்பது இலட்சம். பத்து இலட்சம் கூடியிருக்கிறதே என்றேன். "அது நாளுக்கு நாள் மாறும், அதைக் கணக்கில் எடுக்காதீங்க" என்றார்.

உருவம் ஒழுங்காக இருப்பவை நூற்றுக்கு 2. கேவலமாக இருந்தது. ஒழுங்கான ஆளுக்கு எவ்வளவு என்று பார்த்தால் 4. பிள்ளை பெற்ற ஆம்பிளைக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு கோணல் இருக்கலாம் என்கிறார்கள். இதை மதினியிடம் சொல்ல முடியாது.

பெப்ரவரி 11

நிற்க வைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி, தொட்டுப் பார்த்தார். அரை நிமிஷம். இடது விதைக்கு மேலே இரத்த நரம்பு முறுக்கிக்கொண்டு கிடக்கிறது என்றார். வரிக்கோசீல். எனக்கு அது பத்துப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். மூட்டை தூக்குகிறவனுக்கு இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

பொன்னுக்கு வீங்கி வந்ததா என்று கேட்டார். ஏழு வயதில் வந்தது. வயசுக்கு வந்த பிறகு வந்து, கீழேயும் வீங்கினால்தான் பயமாம். ஹோமோன் இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது. அப்படியென்றால் உற்பத்தி நின்றுபோகவில்லை, இடம்தான் சூடாகிறது என்று விளக்கினார்.

பெப்ரவரி 12

இதை எனக்கு யாரும் விளக்க வேண்டாம், நான் தேயிலை பெக்டரிக்காரன். வலது பக்க நரம்பு நேராகப் பெரிய நரம்பில் சேருகிறது. இடது பக்கத்து நரம்பு நீளம், மேலே போய்ச் சிறுநீரக நரம்பில் மூலைமட்டமாக முட்டுகிறது. உள்ளே இருக்கும் வால்வு தளர்ந்தால் மேலே போன இரத்தம் திரும்பி வந்து தேங்கும். நொன் ரிட்டர்ன் வால்வு போன பைப்தான். நூறு ஆம்பிளைகளில் பதினைந்து பேருக்கு இருக்கிறதாம், பலருக்கு ஒன்றும் செய்யாதாம்.

உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிராக இருக்கத்தான் அது வெளியே தொங்குகிறது. நான் பதினோரு வருஷமாக ட்ரையருக்கு முன்னால் நிற்கிறேன்.

பெப்ரவரி 20

ட்ரையரின் மீட்டரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. உள்ளே போகும் காற்று 200 பாரன்ஹீட். தூள் காய வேண்டும், ஈரம் நூற்றுக்கு மூன்றுக்கு இறங்க வேண்டும், அதுதானே வேலை. இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் முடிந்தால் தள்ளி இருங்கள் என்றார் டொக்டர். பெக்டரியைப் பார்க்கும் டீ மேக்கர் ஐயாவிடம் சல்லடைப் பக்கம் மாற்றித் தாங்க என்று கேட்டேன். ஏன் என்றார். தூசு கொஞ்சம் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். சல்லடைப் பக்கம்தான் தூசு கூட. அவர் சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

கலாவுக்கு இன்றைக்கு வந்துவிட்டது.

மார்ச் 1

நாளைக்குக் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றுகிறார்கள். பதினாறு வருஷத்துக்கு முன் நான் ரதி வேஷம் கட்டினேன். மாலைக்கும் மஞ்சள் சேலைக்கும் நடுவில் என்னைப் பார்த்துச் சிரித்தவள்தான் கலா. இந்த வருஷம் நான் திரும்ப ரதி கட்டுவதாக அம்மா நேர்ந்திருக்கிறது. பிள்ளைக்காக. கட்டினால் காமன் தகனம் வரை விரதம்.

டொக்டர், நரம்புக்குச் செய்யப்போகும் ஓபரேஷன் வரைக்கும் முயற்சியை விட வேண்டாம், பத்தாம் நாளில் இருந்து பதினெட்டாம் நாள் வரை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று சொல்லியிருக்கிறார். கணக்குப் பார்த்தேன். இன்றைக்குப் பத்தாம் நாள். பிள்ளைக்காக விரதம் இருந்தால் பிள்ளைக்கான நாள் போய்விடும்.

சாமியை மறுக்கவா, காலண்டரை மறுக்கவா? பத்துக்குப் பன்னிரண்டு அறை, அலுமாரிக்கு அந்தப் பக்கம் அம்மா. அம்மாவுக்கு இருமல். எங்களுக்கு அந்த இருமல்தான் காலண்டர்.

மார்ச் 4

கட்டவில்லை. அம்மா பேசுவதில்லை.

மார்ச் 13

போயா, பௌர்ணமி. காமன் தகனம். பொட்டலில் கூட்டம். நேற்றுப் பிறந்த பயல் ஒருவன் ரதி கட்டியிருந்தான், நன்றாகத்தான் அழுதான். நெருப்புப் பிடித்ததும் எல்லாரும் பின்னுக்குத் தள்ளிப்போக, நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன். முகம் எரிந்தது. கலா கையைப் பிடித்து இழுத்தாள். "பழகின சூடுதானே"ன்னு கேட்டாள். அவள் கேலி பண்ணி எத்தனை மாதம்.

மார்ச் 26

ஓபரேஷன். முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே இல்லாதது மாதிரி. அடிவயிற்றில் மூன்று விரலளவு வெட்டு, வீங்கிய நரம்புகளைக் கட்டிவிட்டு நல்ல இரத்தம் கொண்டுவரும் குழாயை விட்டுவிடுவார்கள். தையல் போடும்போது டொக்டரும் நர்ஸ் மிஸ்ஸும் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 30

லயத்தில் குடலிறக்கம் என்று சொல்லியிருக்கிறோம். இதுவரை நாலு பேர் தோடம்பழம் கொண்டுவந்துவிட்டார்கள். ஒருவர் தன்னுடைய குடலிறக்கத்தின் கதையை அரை மணி நேரம் சொன்னார். சந்தேகம் கேட்டார். பதில் சொன்னேன்.

ஏப்ரல் 2

7ஆம் நாள்.

ஏப்ரல் 15

வருஷப் பிறப்புக்குக் கொழும்பில் இருந்து மச்சான் வந்திருந்தான். அவனுக்கு மட்டும் சொன்னேன். ஜிம்மில் ஒரு ஊசி போடுகிறார்களாம், ஆண் ஹோமோன், போட்டால் "பிச்சுக்கிட்டுப் போகும்" என்றான். இதை டொக்டர் முதல் நாளே கேட்டார், போட்டதுண்டா என்று. வெளியே இருந்து அதை ஏற்றினால் மூளை, இங்கே போதுமான அளவு இருக்கிறது என்று நினைத்து உத்தரவை நிறுத்திவிடும், உள்ளே உற்பத்தி படுத்துவிடும். சில பேருக்குப் பூச்சியமே ஆகிவிடும். மச்சானிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. அவனுக்குப் போன தையில்தான் கல்யாணம்.

மே 11

நித்திரை இல்லை. ஃபோனில் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் எடுத்து முட்டைக்குள் வைக்கும் வைத்தியத்தைப் பற்றி வாசித்தேன். 1992இல் பெல்ஜியத்தில் முதல் பிள்ளைகள். விந்தில் ஒன்றுமே வராதவர்களுக்கும் விதையில் இருந்தே தேடி எடுக்கிறார்களாம், கிடைத்தால். ஒன்று போதும்! என்னிடம் ஐம்பது இலட்சம் இருக்கிறது.

அதற்குப் பல இலட்சம் ரூபா வேண்டும். கலாவுக்கு நாட் சம்பளம்.

மே 12

இலட்சம், இலட்சம் என்று எத்தனை தரம் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 8

74. ஓபரேஷனுக்குப் பிறகு தொடங்கியவை இன்றைக்குத்தான் வெளியே வருகின்றன. அப்படிக் கணக்குப் பண்ணாதீங்க என்றார் டொக்டர். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அளவு கூடும், ஆனால் பிள்ளை என்பது வேறு கணக்கு, மூன்று மாதம் முடியட்டும் என்றார். சரி.

அம்மா பேசுகிறது. குடலிறக்கம் என்று அதுவும் நம்பவில்லை போல. காலையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு இருந்தது, கேட்டால் சும்மா என்கிறது.

ஜூன் 27

அதே இடம். தாழ்ப்பாள் இன்னும் போடவில்லை. இந்தத் தரம் கலாவும் வந்தாள், நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவளே கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள். ஒரு தரம் யாரோ வந்தார்கள். "அத்துலே கெனெக் இன்னவா" என்று அவள் சொல்வது கேட்டது, உள்ளே ஆள் இருக்கிறது என்று. காலையில் வேலைக்குப் பெரட்டில் பேர் கொடுக்கிற அதே சத்தம்.

கோப்பையைக் கொடுத்தாயிற்று. ரிப்போர்ட் நாலு மணிக்கு. இப்போது இரண்டேகால். வெளியே மழை. கலா எனக்குப் பக்கத்தில் வாங்கில் தூங்கிவிட்டாள், சிவப்பு ஃபைல் மடியில். அதற்குள் என்னுடைய தாள்களையும் எப்போதோ செருகி வைத்திருக்கிறாள்.

நாலரைக்குக் கடைசி பஸ்.