வீட்டுல இருந்து சாளைக்கு நெட் கொண்டு போன வேலை, இதுவரைக்கும்

எங்க வீட்டுக்கும் தோப்புக்குள்ள இருக்கற சாளைக்கும் (தோட்டத்து வீடு) நடுவுல 180 மீட்டர் வரும்ங்க. வீட்டுல ஃபைபர் இருக்கு, சாளைல போன் சிக்னலே ஒழுங்கா வராது. அப்பா பாதி நாள் அங்கதான் படுக்கறாரு, ராத்திரி கூப்பிட்டா லைன் கிடைக்கறதில்ல, அந்தக் கவலைலதான் ஆரம்பிச்சேன். லேன் கேபிளே இழுக்கலாம்னா அது 100 மீட்டர் வரைக்கும்தான், ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பற பெட்டி) வெச்சா ஒரே ரேடியோவே சிக்னலை வாங்கவும் அனுப்பவும் செய்யணும், வேகம் பாதியாயிடும், தோப்பைத் தாண்டி வரவும் வராது. அதனால 5 கிகாஹெர்ட்ஸ் அவுட்டோர் சிபிஇ (வெளில மாட்டற, ஒரு திசைக்கு நெட் அனுப்பற ஆன்டெனா பெட்டி) ரெண்டு வாங்கினேன், வீட்டு மொட்டை மாடில ஒண்ணு ஆக்சஸ் பாயின்ட் மோடுல (நெட் குடுக்கறது), சாளைல ஒண்ணு கிளையன்ட் மோடுல (அதை வாங்கறது).

முதல் நாள் சாளைப்பக்கம் இருக்கற சிபிஇல லைட்டே எரியல. அதே கேபிளை லேப்டாப்புல சொருகினா லிங்க் வருது, 100 எம்பிபிஎஸ்னு காட்டுது. ரெண்டு மணி நேரம் மண்டை காஞ்சு போச்சு. அப்புறம் நான் கேபிள் முனைல கிரிம்ப் பண்ணின (அழுத்தி மாட்டின) பின்னை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா பிரவுன் ஜோடி ரெண்டு கம்பியும் முனை வரைக்கும் போகாம ஒரு மில்லிமீட்டர் முன்னாடியே நிக்குது. கேபிள்ல இருக்கற எட்டுக் கம்பில டேட்டாவுக்கு 1, 2, 3, 6 போதும், ஆனா இந்த 24 வோல்ட் பேசிவ் பிஓஇ (நெட் கேபிள்லயே கரண்டும் அனுப்பற முறை) கரண்ட் போறது 4, 5 நீலத்துலயும் 7, 8 பிரவுன்லயும். வெட்டிட்டு திரும்ப கிரிம்ப் பண்ணதும் எரிஞ்சுது.

சிக்னல் -79 டிபிஎம் (சைபருக்குக் கிட்ட வர வர நல்லது), பிங் (டேட்டா போய்த் திரும்ப எவ்வளவு நேரம்னு பார்க்கற சோதனை) விட்டு விட்டுப் போச்சு. சாளைல இருந்து பார்த்தா மாடில இருக்கறது தெரியுது, ஆனா நேர்ல கண்ணுக்குத் தெரிஞ்சா மட்டும் பத்தாதுங்க, நடுவழில சுத்தி ஒரு மீட்டராச்சும் காலியா இருக்கணும், ரெண்டு தென்னை மட்டை சரியா அந்த இடத்துல ஆடிட்டு இருந்துச்சு. மரத்தை வெட்ட மனசு வரல, அப்பாவும் விடமாட்டாரு. சாளைல ஒன்றரை இஞ்ச் ஜிஐ பைப் போட்டு எட்டடி தூக்கினேன், -61க்கு வந்துடுச்சு. சேனல் அகலத்தை 40ல இருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்கு குறைச்சதும் பிங் நிலையா 3 மில்லிசெகண்ட்ல நின்னுச்சு.

சாளைக்குள்ள வைஃபைக்கு பழைய ரவுட்டர். அதுல கேபிளை வேன் (WAN, வெளி நெட் வர்ற) போர்ட்டுல சொருகிட்டேன், நெட் வந்துச்சு, ஆனா வீட்டுல இருந்து பார்த்தா சாளைல இருக்கற கேமரா தெரியல, சாளைப்பக்கம் தனி நெட்வொர்க்கா பிரிஞ்சு நின்னுடுச்சு. ரவுட்டரோட ஐபி நம்பரை 192.168.1.4னு மாத்தி, டிஹெச்சிபியை (மத்த கருவிகளுக்கு ஐபி நம்பர் குடுக்கற வேலை) அணைச்சு, லேன் போர்ட்டுல சொருகினதும் எல்லாம் ஒரே நெட்வொர்க்.

நேத்து ராத்திரி அப்பா வீடியோ கால்ல அம்மாகிட்ட மோட்டார் பக்கத்துல கன்னு போட்ட மாட்டைக் காட்டினாரு, படம் ஒரு தடவை கூட நிக்கல.

பைப்புக்கு எர்த் இன்னும் அடிக்கல, இடி மழைக்கு முன்னாடி அடிச்சே ஆகணும். ஆனி, ஆடிக் காத்துல மட்டை ஆடறப்ப சிக்னல் எவ்வளவு இறங்குதுன்னு தினமும் எழுதி வெச்சுட்டு இருக்கேன்.