எட்டு அங்குல ஆடி: தேய்ப்பதை நிறுத்திய கணக்கு

தொலைநோக்கிக்காக நான் தேய்த்துக்கொண்டிருந்த எட்டு அங்குல ஆடியின் (ஒளியைக் குவிக்கும் குழிக்கண்ணாடியின்) வேலையை இந்த ஐப்பசியோடு நிறுத்திவிட்டேன். கண்ணாடி உடையவில்லை, எனக்கும் சலிப்புத் தட்டவில்லை. சோதித்துப் பார்த்த பிறகு நிறுத்தியது. எப்படி அந்த முடிவுக்கு வந்தேன் என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன். ஆடி தேய்க்காதவர்களுக்கும் அதில் ஏதாவது கிடைக்கலாம்.

வேலை இப்படித்தான்: இரண்டு கண்ணாடி வட்டுகளுக்கு நடுவே சிலிக்கான் கார்பைடு தூளும் தண்ணீரும் இட்டு ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்க்க, மேல் வட்டு குழியும், கீழ் வட்டு குவியும். 80ஆம் எண் பருந்தூளில் தொடங்கி 120, 220, 320 என்று மேலும் மேலும் நைசான தூளுக்குப் போகவேண்டும். கடைசியில் பிட்ச் என்ற தார் போன்ற பிசின் ஊற்றிய தட்டின்மேல் சீரியம் ஆக்சைடு வைத்து மெருகேற்ற வேண்டும். இதற்கு முன் முடித்த ஆறு அங்குல ஆடிக்குக் குவியத் தூரம் 1200 மி.மீ. தொலைநோக்கி ஆடிக்கு உண்மையில் வேண்டியது பரவளையக் குழிவு; ஆனால் அந்த அளவில் வெறும் கோளக் குழிவே ஏறக்குறையப் போதும். பரவளையத்துக்கும் கோளத்துக்கும் விளிம்பில் உள்ள வேறுபாடு மூன்றில் ஒரு மைக்ரான்கூட இல்லை. எட்டு அங்குலத்தை 1000 மி.மீ. குவியத்துக்குத் தேய்த்தால் அதே வேறுபாடு ஒன்றரை மைக்ரானைத் தாண்டிவிடும். கடினம் என்று தெரிந்தேதான் இறங்கினேன்.

இறங்கும்போதே நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதிவைத்தேன்: 'மெருகேறிய பின் நீள்வட்டம் தெரிந்தால், ஒருமுறை 320க்குத் திரும்பிப் போவது. அதன்பின்னும் அதே நீள்வட்டம் அதே திசையில் நின்றால் நிறுத்துவது.' உற்சாகம் குறையாமல் இருக்கும்போது எழுதிய வரி அது. கை களைத்துப்போன இரவில் உட்கார்ந்து யோசித்தால், விட்டுவிடலாம் என்றும் தோன்றும், விடவே கூடாது என்றும் தோன்றும். இரண்டையும் நம்பமுடியாது.

நீள்வட்டம் எதற்கு? சவர பிளேடை வைத்துப் பார்க்கும் ஃபூக்கோ சோதனை விளிம்புச் சரிவையும் மேடுபள்ளத்தையும் நன்றாகக் காட்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் 'சிலிண்டர் பவர்' என்பார்களே, ஒரு திசையில் வளைவு கூடியும் குறுக்குத் திசையில் குறைந்தும் இருக்கும் அந்தக் கோளாறை அது எளிதில் காட்டாது. அதற்கு அலுமினியத் தாளில் ஊசியால் துளையிட்டு, பின்னால் எல்இடி விளக்கை வைத்து, ஆடியிலிருந்து இரண்டு மீட்டர் தூரத்தில் ஒரு செயற்கை நட்சத்திரம் செய்துகொள்ளவேண்டும். திரும்பி வரும் புள்ளியைக் கண்வில்லையில் பார்த்தபடி குவியத்துக்கு உள்ளேயும் வெளியேயும் நகர்த்தினால் வட்டமாக விரியவேண்டும். எனக்கு உள்ளே போனால் படுத்த நீள்வட்டம், வெளியே வந்தால் நின்ற நீள்வட்டம்.

இந்தக் கட்டத்தில் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. ஆடியைத் தாங்கியிலேயே கால் வட்டம் திருப்பிவைத்து மறுபடி பார்க்கவேண்டும். நீள்வட்டம் பழைய திசையிலேயே நின்றால் கோளாறு தாங்கியில். ஆடியோடு சேர்ந்து அதுவும் திரும்பினால் கோளாறு கண்ணாடியில். தாங்கியில் என்றால் இரண்டு திருகும் ஒரு ஃபெல்ட் துணியும் போதும். அதற்காக ஆடியைக் கைவிடுவது அறியாமை. எனக்கு அது திரும்பியது.

கண்ணாடியில் என்றாலும் உடனே விடவேண்டியதில்லை. தேய்க்கும்போது அடியில் சமமாகத் தாங்கப்படாத மெல்லிய வட்டு வளைந்திருக்கலாம். அடியில் கம்பளம் போட்டு, அடிக்கடி திருப்பிவைத்து, சொன்னபடி 320இலிருந்து மறுபடி மேலே வந்தேன். நீள்வட்டம் வந்தது. விளிம்பில் நான் மார்க்கரால் இட்டிருந்த கோட்டுக்கு நேராக, முன்பிருந்த அதே திசையில்.

பிறகு பழைய எல்சிடி திரையை வெள்ளையாக ஒளிரவிட்டு, அதன்முன் வட்டைப் பிடித்து, போலராய்டு கூலிங்கிளாஸைத் திரை இருளும்வரை திருப்பி அதன் வழியே பார்த்தேன். உள்ளே இறுக்கம் (விசை தேங்கி நிற்பது) இல்லாத கண்ணாடி என்றால் வட்டும் திரையோடு சேர்ந்து இருண்டே இருக்கும். என் வட்டில் ஒரு பக்கம் வெளிச்சத் திட்டு. 19 மி.மீ. தட்டைக் கண்ணாடியில் வெட்டிய வட்டு. உருக்கியபின் சீராக ஆறாமல் உள்ளே இறுக்கம் தங்கிவிட்டது. மேலே தேய்க்கத் தேய்க்க அந்த இறுக்கம் தளர்ந்து வட்டை வளைத்துக்கொண்டேதான் இருக்கும்.

பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். 'விடாமுயற்சி விஸ்வரூப வெற்றி' என்று பள்ளிச் சுவரில் எழுதவைத்த தலைமுறை.

"இவ்வளவு தேய்த்துவிட்டாய், இன்னும் கொஞ்சம் தேய்த்தால் ஆகாதா, தம்பி?"

"தேய்த்தால் தேயும் பெரியப்பா. நேராகாது."

அவருக்கு, பெரிய தொலைநோக்கிகளைக் கட்டவைத்த அமெரிக்க வானியலாளர் ஜார்ஜ் எல்லெரி ஹேல் கதையைச் சொன்னேன். மவுண்ட் வில்சன் மலையின் 100 அங்குலத் தொலைநோக்கிக்காகப் பிரான்சின் செயின்ட்-கோபேன் ஆலையிலிருந்து 1908இல் வந்த கண்ணாடி உள்ளெல்லாம் குமிழி. உதவாது என்று ஒதுக்கினார்கள். மறுவார்ப்புகளும் சரிவரவில்லை. ஒதுக்கியதையே திரும்ப எடுத்துச் சோதித்தபோது, உள்ளே இருக்கும் குமிழி மேற்பரப்பைக் கெடுக்காது என்று தெரிந்தது. அதையே தேய்த்தார்கள், 1917இல் தொலைநோக்கி தயாரானது. ஆந்திரோமேடா நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி விண்மீன் மண்டலம் என்பதற்கான சான்றை எட்வின் ஹப்பிள் பிடித்தது அந்தக் கண்ணாடியில்தான். அதே ஹேல், பாலோமர் மலைக்கான 200 அங்குல ஆடியை உருக்கிய குவார்ட்ஸில் செய்ய ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் கொடுத்து, ஆறு லட்சம் டாலர் அளவுக்குச் செலவான பிறகு அந்த வழியை 1931இல் கைவிட்டார். கார்னிங் ஆலையின் பைரெக்ஸ் என்ற வெப்பம் தாங்கும் கண்ணாடிக்கு மாறினார். அங்கேயும் 1934 மார்ச்சில் ஊற்றிய முதல் வார்ப்பு பழுது. டிசம்பரில் ஊற்றியதுதான் இன்று மலைமேல் இருக்கிறது. குவார்ட்ஸை விட்டவர் பைரெக்ஸை விடவில்லை. ஒரே ஆளை ஓரிடத்தில் பிடிவாதக்காரர் என்கிறோம், இன்னோரிடத்தில் விட்டுக்கொடுத்தவர் என்கிறோம்; இரண்டு இடத்திலும் அவர் கேட்டது கண்ணாடியின் பேச்சை.

பெரியப்பா, "ஆறு லட்சம் டாலரா!" என்றதோடு சரி.

திருப்பிவைத்துப் பார்க்கும் இந்த வேலையை வீட்டில் எனக்கு முன்பே செய்தவள் என் மனைவி. ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலையானால் முகம் சுருங்கிவிடும். 'எனக்கு வாத்தியார் வேலையே ஆகாது போல' என்றாள். உடனே ராஜினாமா எழுதவில்லை. வகுப்பு மாற்றிக் கேட்டாள், முகம் மாறவில்லை. மாலையில் தெருப் பிள்ளைகள் நாலு பேரைத் திண்ணையில் உட்காரவைத்துப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அன்றைக்கு இரவுச் சாப்பாடு தாமதமானதுகூட அவளுக்குத் தெரியவில்லை. கோளாறு தாங்கியில்தான். பள்ளியை விட்டாள், பாடம் சொல்வதை விடவில்லை. வேலையே ஆகாது என்று அன்றைக்கே விட்டிருந்தால், தேறக்கூடிய ஒன்றைத் தூக்கி எறிந்திருப்பாள். சம்பளம் குறைந்தது என்னவோ உண்மை. அதற்காக வீட்டுச் செலவை முதலிலேயே கணக்கிட்டு, இத்தனை மாதம் தாங்கும் என்று பார்த்துத்தான் விட்டாள். அந்தக் கணக்கு இல்லாமல் வேலையை விடச்சொல்லி யாருக்கும் உபதேசம் செய்ய எனக்குத் தைரியம் கிடையாது. ஆடி எனக்குப் பொழுதுபோக்கு. நிறுத்தினால் அடுப்பு அணையாது.

சீராக ஆறவைத்த போரோசிலிகேட் (பைரெக்ஸ் வகைக் கண்ணாடி) வட்டு வாங்கி மறுபடி தொடங்கலாமே என்று கேட்கலாம். விலை விசாரித்தேன். அந்தப் பணத்தையும் மாலைகளையும் ஆறு அங்குலத்துக்குக் கொடுத்தால் அமாவாசையை ஒட்டிய இரவுகள் மிச்சமாகும். தேய்ப்பதைவிட வானம் பார்ப்பதில்தான் எனக்கு ஆசை அதிகம் என்பது இந்த வட்டோடு மல்லுக்கட்டிய பிறகு தெளிவாகிவிட்டது. ஆகவே எட்டு அங்குலம் இப்போதைக்கு இல்லை.

வட்டைப் பெரியப்பாவின் பழைய பள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். எல்சிடி திரையும் கூலிங்கிளாஸும் வைத்து இறுக்கத்தைக் காட்ட நல்ல மாதிரி. மீந்த தூள்களை எண்வாரியாகத் தனித்தனி டப்பாவில் மூடிவைத்திருக்கிறேன். 80 ஒரு துளி 320இல் கலந்தால் அடுத்தவருக்குக் கீறல்தான் மிஞ்சும். யாருக்காவது வேண்டுமென்றால் டப்பாக்களைக் கலக்காமல் எடுத்துப் போகவும். அடுத்து, ஆறு அங்குலத்தின் டாப்சன் பீடத்துக்கு (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்ப உதவும் எளிய பெட்டிப் பீடம்) வழுக்கி நகர்வதற்கான புது டெஃப்லான் துண்டு ஒட்டவேண்டும். உயரே திருப்பும்போது சிக்கிச் சிக்கி நகர்கிறது.