பிளே-ஆஃபில் ஜெயிக்க வைப்பது மனசா, பக்குவமா?

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் பாதியில் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் பிளே-ஆஃப், அதாவது கோப்பைக்கான சுற்றுகள், தொடங்கியதும் ரசிகர்கள் மத்தியில் ஒரே பேச்சுதான். தோற்ற டீமுக்கு ‘மனசு இல்லை’, ஜெயித்த டீமுக்கு ‘நெஞ்சுரம் அதிகம்’. இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். 82 ஆட்டம் ஆடி, முட்டியில் ஐஸ் கட்டிக்கொண்டு, ஊர் ஊராகப் பறந்து பிளே-ஆஃப் வரை வந்தவர்களில் மனசு இல்லாதவர் யார்? ஸ்கோர் தெரிந்த பிறகு ஒட்டுகிற லேபிள் அது, அவ்வளவுதான்.

பக்குவம் வேறு. அதை ஆட்டம் நடக்கும்போதே பார்க்கலாம். பத்து பாயிண்ட் பின்தங்கியதும் என்ன மாதிரி ஷாட் எடுக்கிறார்கள், பந்து யார் கைக்குப் போகிறது, கோச் ஒருவரை பெஞ்சில் உட்கார வைத்தால் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று கவனித்தாலே தெரிந்துவிடும். ஒரு டீம் ஃபைனல்ஸ் நடக்கும் ஜூன் மாதம் வரை தாக்குப்பிடிக்குமா என்பதில் திறமைக்கு அடுத்த இடம் இதற்குத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதற்கு டல்லாஸ் மேவரிக்ஸுக்கு ஆடிய ஜெர்மன்காரர் டிர்க் நோவிட்ஸ்கியின் கதையை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

2006 ஃபைனல்ஸில் டல்லாஸ் மேவரிக்ஸ் மயாமி ஹீட்டுக்கு எதிராக 2-0 என்று முன்னால் இருந்தது; முதலில் நான்கு ஆட்டம் ஜெயிக்கிற டீமுக்குத்தான் கோப்பை. மூன்றாவது ஆட்டத்திலும் கடைசி குவார்ட்டரில் 13 பாயிண்ட் லீட். அங்கிருந்து மயாமியின் டுவைன் வேட் ஒரு ஆட்டம் ஆடினார் பாருங்கள், அந்த ஆட்டம் போனது, அடுத்த மூன்றும் போனது, 4-2 என்று கோப்பையே போனது. அடுத்த சீசனில் டல்லாஸ் 67 ஆட்டங்களை ஜெயித்து லீகிலேயே முதலிடம், டிர்க்குக்கு எம்விபி, அதாவது லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது. ஆனால் முதல் சுற்றிலேயே எட்டாம் இடத்தில் இருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அவர்களை 4-2 என்று வெளியே அனுப்பியது. தோற்ற ஆத்திரத்தில் டிர்க் ஓக்லண்ட் அரங்கின் நடைவழியில் ஒரு குப்பைத் தொட்டியைத் தூக்கி எறிந்து சுவரில் ஓட்டையே போட்டுவிட்டார். எம்விபி விருதை வாங்கும்போது அவர் டீம் பிளே-ஆஃபிலேயே இல்லை. அப்போது அவர் மேல் விழுந்த முத்திரை ‘சாஃப்ட்’. பெரிய ஆட்டத்தில் பயந்துவிடுவார், ஐரோப்பாவிலிருந்து வருபவர்களே இப்படித்தான் என்று எழுதாதவர்கள் குறைவு.

உண்மையில் நடந்தது என்ன? வாரியர்ஸ் கோச் டான் நெல்சன், டல்லாஸில் டிர்க்கை வளர்த்துவிட்டவரே அவர்தான். ஏழடி உயர ஆளுக்கு உயரமான ஆளை நிறுத்தினால் வேலைக்கு ஆகாது, ஸ்டீபன் ஜாக்சன் மாதிரி உயரம் குறைந்த, வேகமான, உடம்போடு ஒட்டிக்கொண்டு ஆடுகிறவர்களை விட்டால் தடுமாறுவார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் செய்தார். மனசில் குறை எதுவும் இல்லை, ஆட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது, அந்த ஓட்டை தெரிந்த ஆள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார். அந்தக் கோடையில் டிர்க் தன் பழைய பயிற்சியாளர் ஹோல்கர் கெஷ்விண்ட்னரோடு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பக்கம் போய்ச் சுற்றிவிட்டு வந்தார். (கெஷ்விண்ட்னர் 1972 ஒலிம்பிக்கில் மேற்கு ஜெர்மனி டீமுக்குக் கேப்டனாக இருந்தவர், டிர்க்கைச் சின்னப் பையனாக இருக்கும்போதே கண்டெடுத்தவர்.) அப்புறம் வருடக்கணக்கான உழைப்பு. சின்ன ஆளை விட்டால் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அருகில் முதுகைக் கொடுத்து நின்று, ஒற்றைக்காலில் பின்பக்கம் சாய்ந்து எறிகிற அந்த ஷாட்டை அவர் எப்படிப்பட்ட ஆயுதமாக மாற்றினார் என்பதை 2011ல் எல்லோரும் பார்த்தோம்.

2011 மேவரிக்ஸை சீசன் தொடக்கத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜேசன் கிட்டுக்கு 38 வயது. டிர்க்குக்கு 33 ஆகப் போகிறது. ஜேசன் டெர்ரி, ஷான் மேரியன், பேஜா ஸ்டோயகோவிச் எல்லோரும் 33. கோப்பை ஜெயித்த அனுபவம் இவர்கள் யாருக்கும் இல்லை. 2006ன் அந்தக் காயத்தோடு டீமில் மிச்சம் இருந்தவர்கள் டிர்க்கும் டெர்ரியும் மட்டும்தான். டெர்ரி அந்த சீசன் தொடங்கும் முன்பே கையில் சாம்பியன் கோப்பையைப் பச்சை குத்திக்கொண்டவர். ஜனவரியில் கேரன் பட்லருக்கு முட்டியில் அடி, சீசனே முடிந்தது. முதல் சுற்றில் போர்ட்லாண்டுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில் 23 பாயிண்ட் லீடை வைத்துக்கொண்டு, போர்ட்லாண்டின் பிராண்டன் ராய் தனியாளாக வெளுத்து வாங்கிய அந்தக் கடைசி குவார்ட்டரில் 84-82 என்று தோற்றார்கள். ‘பாருங்கள், மறுபடியும் அதே கதை’ என்று எல்லோரும் சொன்னார்கள். 2007 டீமாக இருந்தால் அங்கேயே நொறுங்கியிருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். இந்த டீம் அடுத்த இரண்டு ஆட்டங்களையும் சத்தமில்லாமல் ஜெயித்துவிட்டு, இரண்டு வருடமாகக் கோப்பை வைத்திருந்த லேக்கர்ஸை 4-0 என்று வீட்டுக்கு அனுப்பியது.

அடுத்த சுற்று இன்னும் சுவாரஸ்யம். எதிரில் ஓக்லஹோமா சிட்டி, கெவின் டுரண்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன், எல்லோரும் 22 வயதுக்காரர்கள் அல்லது அதற்கும் கீழே. ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் டல்லாஸில் அவர்களுக்கு ஈடு யாருமில்லை. நான்காவது ஆட்டத்தில் ஐந்து நிமிடம் இருக்கும்போது ஓக்லஹோமா 15 பாயிண்ட் முன்னால், அரங்கமே ஆடிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து டல்லாஸ் 17-2 என்று ஆடி ஓவர்டைமுக்குக் கொண்டுபோய் 112-105 ஜெயித்தது. அந்த ஐந்து நிமிடத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். டல்லாஸ் அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் டிர்க்கிடம் பந்து, அதே ஷாட். மறுபக்கம் சின்னப் பையன்கள் ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுக்க மறந்து, கடிகாரம் ஓடட்டும் என்று நின்று, கடைசி நொடியில் கஷ்டமான ஷாட்டாக எறிந்தார்கள். பதறாத காரியம் சிதறாது என்பார்களே, அதுதான்.

ஃபைனல்ஸ் இரண்டாவது ஆட்டமும் இதே மாதிரி. லெப்ரான் ஜேம்ஸ், வேட், கிறிஸ் பாஷ் மூவரும் சேர்ந்த மயாமி 88-73 என்று முன்னால், நேரம் ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். டல்லாஸ் 22-5 என்று முடித்து 95-93 ஜெயித்தது. கடைசி ஒன்பது பாயிண்டும் டிர்க். இடது கை நடுவிரல் தசைநார் கிழிந்து பட்டை கட்டியிருந்த அதே இடது கையால்தான் கடைசி லே-அப். நான்காவது ஆட்டத்தில் காய்ச்சலோடு ஆடினார். ஆறாவது ஆட்டத்தின் முதல் பாதியில் 12 ஷாட்டில் ஒன்றுதான் விழுந்தது, இருந்தும் நிறுத்தவில்லை, இன்னொரு பக்கம் டெர்ரி 27 பாயிண்ட் எடுத்து டீமைத் தூக்கி நிறுத்தினார். இதில் மனசு இல்லையா என்றால், நிச்சயம் உண்டு. ஆனால் 2007லும் அதே மனசு அவரிடம் இருந்தது. அப்படியென்றால் மாறியது என்ன? நான் கேட்பது அதைத்தான்.

டிர்க்கின் விரலையும் காய்ச்சலையும் எல்லோரும் பேசுவார்கள். பெஞ்சில் நடந்ததைப் பேசுகிறவர்கள் குறைவு, எனக்கு அதுதான் பெரிது. 2-1 என்று பின்தங்கியதும் கோச் ரிக் கார்லைல், டிஷான் ஸ்டீவன்சனை எடுத்துவிட்டு ஆறடிகூட எட்டாத ஜே.ஜே. பரியாவைத் தொடக்க ஐவரில் போட்டார். லெப்ரானையும் வேடையும் மறிக்கத்தான் ஸ்டீவன்சன் டீமில் இருந்தார், ஃபைனல்ஸ் நடுவில் இடம் போனால் எந்த ஆளுக்கும் வலிக்கும். அவர் பெஞ்சிலிருந்து வந்து மூன்று பாயிண்ட் ஷாட்களைப் போட்டுக் கொடுத்தார். பேஜா ஸ்டோயகோவிச் ஒருகாலத்தில் எம்விபி பட்டியலில் பேர் வந்த ஆட்டக்காரர், லேக்கர்ஸுக்கு எதிராகச் சுட்டுத்தள்ளியவர், ஃபைனல்ஸில் கிட்டத்தட்ட ஆடவே இல்லை. ஒரு முணுமுணுப்பு வெளியே வரவில்லை. கிட் 38 வயதில் தன்னைவிடப் பத்து வயது இளையவர்களை மறித்து நின்றார். ஒரு டீமில் பத்துப் பேர் இப்படி இருந்தால்தான் கோச் தைரியமாக எதையும் மாற்ற முடியும்.

பிளே-ஆஃபில் இது ஏன் இவ்வளவு எடுபடுகிறது என்றால், ஆட்டத்தின் அமைப்பே அப்படி. சீசனில் இன்று ஒரு டீம், நாளை மறுநாள் வேறு டீம். யாரும் யாரையும் ஆழமாகப் படிக்க நேரமில்லை, வேகமும் உயரமும் போதும். பிளே-ஆஃபில் அதே டீமோடு ஏழு ஆட்டம் வரை போகலாம். மூன்றாவது ஆட்டத்துக்குள் உங்கள் முதல் ஷாட் பறிபோகும், ஐந்தாவதில் இரண்டாவது ஷாட்டும் பறிபோகும், உங்களில் யார் டிஃபென்ஸில் பலவீனமோ அவரையே தேடித்தேடி வந்து அடிப்பார்கள். அப்போது மூன்றாவது வழி தெரிந்தவன் தேவை. தன் ஷாட்டை விட்டுக்கொடுத்து மற்றவனுக்கு வழி செய்கிறவன் தேவை. வயது கூடக்கூட இது தானாக வரும் என்று சொல்லவில்லை, தோற்றுத்தோற்று வருகிறது.

லெப்ரானையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஃபைனல்ஸ் நான்காவது ஆட்டத்தில் அவர் எடுத்தது 8 பாயிண்ட். டல்லாஸ் ஸோன் டிஃபென்ஸ் (ஆளுக்கு ஆள் மறிக்காமல் இடத்தைக் காக்கும் முறை) போட்டதும் வெளியே நின்று பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருந்தார். மனசு இல்லை என்ற முத்திரை அவர் மேலும் விழுந்தது. அந்தக் கோடையில் பழைய ஜாம்பவான் ஹகீம் ஒலாஜுவானிடம் போய் கூடைக்கு அருகில் ஆடக் கற்றுக்கொண்டார். 2012ல் பாஸ்டனில் தோற்றால் வெளியே என்ற ஆட்டத்தில் 45 பாயிண்ட், 15 ரீபவுண்ட், அப்புறம் கோப்பை. அதே ஆள்தானே?

சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் கதை இதிலும் ஒரு படி மேல். 2013 ஃபைனல்ஸில் மயாமிக்கு எதிரான ஆறாவது ஆட்டம், 28 நொடி இருக்கும்போது ஸ்பர்ஸுக்கு 5 பாயிண்ட் லீட், கோப்பையைக் கொடுக்க மைதானத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஸ்பர்ஸின் கவாய் லெனர்ட் ஒரு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார், மயாமியின் பாஷ் ரீபவுண்டைப் பிடித்தார், அதே டீமின் ரே ஆலன் மூலையிலிருந்து எறிந்து சமன் செய்தார். ஓவர்டைமில் போனது, ஏழாவது ஆட்டமும் போனது. ஸ்பர்ஸின் தூணான டிம் டங்கனுக்கு 37 வயது. எந்த டீமும் அதோடு முடிந்துபோகும். கோச் பாபவிச் அடுத்த சீசன் பயிற்சி முகாமில் அந்த ஆட்டத்தின் வீடியோவையே போட்டு எல்லோரையும் உட்கார்ந்து பார்க்க வைத்தார். அந்த சீசனில் ஒருவர்கூட சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை, ஆனாலும் 62 வெற்றி. ஆர்ஜென்டினாவுக்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்த மனு ஜினோபிலி வழக்கம்போல பெஞ்சிலிருந்து வந்தார். ஃபைனல்ஸில் அதே மயாமி. 4-1. ஜெயித்த நான்கு ஆட்டமும் 15 பாயிண்ட் அல்லது அதற்கும் மேல். அந்தப் பந்து கைமாறிய வேகத்தைப் பார்த்தபோது கூடைப்பந்து என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றியது, இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது. இத்தனைக்கும் ஃபைனல்ஸ் எம்விபி வாங்கியது அந்த 22 வயது கவாய்.

சரி, திறமை இல்லாமல் பக்குவம் மட்டும் போதுமா என்றால் போதாது. 2023ல் எட்டாம் இடத்திலிருந்து வந்த மயாமி, மில்வாக்கியையும் நியூயார்க்கையும் பாஸ்டனையும் தாண்டி ஃபைனல்ஸ் வரை வந்தது. ஜிம்மி பட்லர் ஒரே ஆட்டத்தில் 56 பாயிண்ட் எடுத்தார். ஃபைனல்ஸில் டென்வரின் நிகோலா யோகிச்சுக்கு எதிராக 4-1 என்று தோற்றது. அவ்வளவுதான், பெரிய ஆள் ஒருவர் எதிரில் இருந்தார்.

2025ல் ஓக்லஹோமா ஜெயித்ததும் பல பேர் அனுபவமாவது ஒன்றாவது என்றார்கள். 1977 போர்ட்லாண்டுக்குப் பிறகு இவ்வளவு இளைய சாம்பியன் கிடையாது, உண்மைதான். ஆனால் அதே பையன்கள்தான் 2024ல் இரண்டாவது சுற்றில் டல்லாஸிடம் தோற்றவர்கள், கடைசி நொடிகளில் மூன்று பாயிண்ட் ஷாட் எறிந்தவரை ஃபவுல் செய்து, ஒரே ஒரு பாயிண்டில். அதற்கப்புறம் அவர்கள் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தது, லேக்கர்ஸோடு ஏற்கனவே கோப்பை ஜெயித்த, 30 வயது தாண்டிய அலெக்ஸ் கரூஸோவை. டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் தன்னைவிட அரை அடி உயரமான யோகிச்சை மறித்தவர் அவர். ஃபைனல்ஸ் நான்காவது ஆட்டம், இண்டியானாவில், ஓக்லஹோமா 2-1 என்று பின்னால், அன்று முழுக்க அவர்களுக்கு மூன்றே மூன்று மூன்று பாயிண்ட் ஷாட்தான் விழுந்தது. அவர்களின் நட்சத்திரம் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் கடைசி ஐந்து நிமிடத்துக்குள் 15 பாயிண்ட் எடுத்தார், ஒரு ஷாட்டிலும் பதற்றம் இல்லை.

அந்தத் தொடரில் மனசு என்று பேசினால் இண்டியானாவைத்தான் சொல்ல வேண்டும். அவர்களின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் கெண்டைக்கால் தசை கிழிந்த நிலையிலேயே ஏழாவது ஆட்டத்தில் இறங்கி, முதல் குவார்ட்டரில் மூன்று பாயிண்ட் ஷாட் மூன்று போட்டுவிட்டு, குதிகால் தசைநார் அறுந்து தரையில் விழுந்தார். அவர் இல்லாமலேயே பாதி நேரத்தில் இண்டியானா ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தது. டி.ஜே. மெக்கானல் பெஞ்சிலிருந்து வந்து 16 பாயிண்ட் எடுத்துப் போராடினார். அந்த டீமுக்கு மனசு போதவில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே வருவேன். இரண்டாம் பாதியில் பந்தை இழந்துகொண்டே இருந்தது அவர்கள் பக்கம், விடாமல் பத்திரமாக வைத்திருந்தது அந்தச் சின்னப் பையன்கள் பக்கம். 103-91 என்று ஓக்லஹோமா ஜெயித்தது.